இடது பக்கத்து சீட்

என் மகள் வெகுநாளாக, தன் அப்பா ஒரு லொறிக்குள்தான் குடியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதில் அவளைக் குறைசொல்ல முடியாது. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம் கழுவி, அவளுக்குப் பால் கரைத்துக் கொடுக்கும் நேரத்தில்தான் கத்தாரிலிருந்து அழைப்பு வரும். இங்கே பின்னேரம், அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். லொறியை ஏதாவது ஒரு கட்டடத்தின் நிழலில் நிறுத்திவிட்டு, போனை முன்கண்ணாடியில் சாய்த்துவைத்துப் பேசுவார். திரையில் முதலில் ஸ்டேரிங் தெரியும், அதற்குப் பின்னால் அவர் முகம். "எங்கப்பா வீட்டுல வட்டமா ஒண்ணு இருக்கு" என்று அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பெருமையடித்ததைக் கேட்டிருக்கிறேன்.

நான் திருத்தவில்லை. திருத்தினால் அப்பா ஏன் அங்கே இருக்கிறார் என்ற கேள்வி வரும். அந்த லொறியை அவர் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே சொந்த நாட்டில், அவர் ஒரு ஸ்கூட்டரைக்கூட ஓட்டக்கூடாது. நீதிமன்றம் அவருடைய லைசனை இரண்டு வருடத்துக்குத் தடைசெய்திருந்தது.

கல்யாணமான புதிதில் அவர் கெலிஓயாவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானாவின் வேனை ஓட்டினார்; நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். காலையில் கண்டிக்குப் பள்ளிப்பிள்ளைகளை ஏற்றிப்போவது, பகலில் கிடைக்கிற ஹயர், வாடகை ஓட்டம். சனி ஞாயிறுகளில் தூர ஹயர் வந்தால் என்னையும் கூட்டிக்கொள்வார். ஆசைக்காக மட்டும் அல்ல. மலைநாட்டு ரோட்டில் வேன் ஓட்டுகிறவருக்கு இடது பக்கத்து சீட்டில் ஆள் வேண்டும். எதிரே பஸ் வந்தால் ஓரம் ஒதுக்க வேண்டும்; ஓரத்தில் தண்ணீர் ஓடும் கான் இருக்கும், சில இடத்தில் கானும் இருக்காது, நேரே தேயிலைச் சரிவுதான். "எடம் இருக்கா?" என்று அவர் கேட்பார். நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்து, "இருக்கு, வாங்க... வாங்க... போதும்" என்பேன்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். கேஸை மூடினேனா என்று பஸ் தரிப்பிடத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிப்போய்ப் பார்க்கிறவள் நான். பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்திவிட்டு, சரியாகக் கூட்டினேனா என்று மறுபடி கூட்டுகிறவள். அந்தச் சீட்டில் மட்டும் என் பயத்துக்கு ஒரு உபயோகம் இருந்தது. "நீ இருந்தா எனக்கு அந்தப் பக்கம் கண்ணே தேவையில்ல" என்று அவர் சொல்வார். அப்படிச் சொல்லும்போது ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அதனாலேயே அது எனக்கு இன்னும் பிடிக்கும்.

மகள் பிறந்தபின் நான் ஹயருக்குப் போவது நின்றது. அவள் தவழ ஆரம்பித்த காலத்தில், ஒரு மழைநாள், கம்பளை ரோட்டில் எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட அவர் வேனை இடது பக்கம் ஒதுக்கினார். அந்த இடைவெளிக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. ஓட்டிவந்தவருக்குக் கால் முறிந்தது. மேசன் வேலை செய்கிற சிங்கள ஆள். தோடம்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு பேராதனை ஆஸ்பத்திரிக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். இவர் பழப்பையைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். கால் தொங்கக் கட்டியிருந்த அந்த மனிதர்தான் "கமக் நெ, மல்லி" என்றார். பரவாயில்லை தம்பி என்று. அதைக் கேட்டபிறகுதான் இவர் அழுதார்.

இடது பக்கத்தால் முந்தப் பார்த்தது அந்த ஆளின் பிழை என்று வாதாடலாம் என்று வக்கீல் சொன்னார். நானாவும் சொன்னார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தப் பக்கம் நான் பாக்கல்ல. பாக்காதது பாக்காததுதான்" என்றார். நீதவான் சிங்களத்தில் தீர்ப்பைச் சொன்னபோது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் நின்றேன். அபராதத்தைச் சொன்னபோது தலையாட்டினேன், அது எதிர்பார்த்தது. இரண்டு வருடம் என்று காதில் விழுந்ததும் அவருடைய முதுகைப் பார்த்தேன். முதுகு அசையவில்லை.

அந்தப் பக்கம் பார்க்கிற ஆள் நான்தானே என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. எனக்குள் மட்டும் அது ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளையை மாமியிடம், அவருடைய அம்மாவிடம், விட்டுவிட்டு அன்று கூடப் போயிருக்கலாமா? போயிருந்தாலும் அந்த மழையில் எனக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்தாலும் சொல்ல நேரம் இருந்திருக்குமா? இதற்குப் பதில் இல்லை என்று தெரியும். ஆனாலும் சட்டி கழுவும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்துவந்த மாதங்களில் அவருக்கு ஓட்ட ஒன்றும் இல்லை. காலையில் வழமையான நேரத்துக்கே எழுந்து, குளித்து, சட்டைபோட்டுத் தயாராக உட்கார்ந்திருப்பார். போக இடம் இருக்காது. நானா வைத்த புது டிரைவர் மேல் ரோட்டில் ஹோர்ன் அடித்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். பஸ்ஸில் போனால் டிரைவருக்குப் பின்சீட்டில்தான் இருப்பார். வளைவு வரும்போது அவருடைய வலது கால் பிரேக்கைப்போல் தரையை அமத்தும். நான் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கல்யாணத்துக்கு முன் அவர் சில வருடம் கத்தாரில் வேலை செய்திருந்தார். அங்கே எடுத்த லைசன் இன்னும் செல்லுபடியாக இருந்தது. பழைய கூட்டாளி ஒருவர், குளிரூட்டிய லொறி ஓட்ட ஆள் கேட்கிறார்கள் என்று சொல்ல, இவர் முகத்தில் வெகுநாளைக்குப்பின் ஒரு வெளிச்சம் வந்தது.

"அது எப்பிடிங்க? இங்க ஓட்டக்கூடாதுன்னுட்டு அங்க போயி..."

"அது வேற நாடு, வேற லைசன். அவங்க குடுத்தது, அவங்க தடுக்கல்ல."

"கேட்டா?"

"கேட்டா சொல்றது."

அப்படித்தான் போனார். எனக்கோ அந்த "கேட்டா" நெஞ்சில் முள்ளாக நின்றது. எங்கள் பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் இருக்கிறார். மனம் நல்லது, வாய்தான் கொஞ்சம் நீளம். ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டார்:

"இஞ்ச ஓடக்கூடாதெண்டு கோட்டில சொன்னவையெல்லோ? அங்க மட்டும் எப்பிடி விட்டவை?"

"அது வேற நாட்டு லைசன், டீச்சர்."

"ஓம், அது விளங்குது. அங்கத்தையான் ஆக்களுக்கு இது தெரியுமோ எண்டுதான் கேக்கிறன்."

"தெரியல்லயே டீச்சர்."

"என்ன பிள்ளை, ரெண்டு வசனம் மனுசனைக் கேட்டா முடிஞ்சுது. உதுக்குப்போய் முகத்தை இப்பிடி வச்சிருக்கிறீர்."

நான் கேட்கவில்லை. கேட்டு, இல்லை, மறைத்துவிட்டேன் என்று அவர் சொன்னால் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அழைப்பு கொஞ்சம் பிந்தினாலும், பொலிஸ் பிடித்து, விஷயம் வெளியே வந்து, கம்பனி அனுப்பிவிட்டது என்று என் மனம் கதை கட்டும். அந்தக் கதையில் ஒரு வெட்கக்கேடு இருந்தது. அவர் பையோடு எங்கள் கேட்டில் வந்து நிற்கிற காட்சிதான் எப்போதும் முதலில் வரும். பயம் அதற்குப் பிறகுதான் வரும். அந்த இரண்டுக்கும் இடையே, ஒரு மூச்சு நேரம், எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

கட்டுகலைப் பிள்ளையார் கோயிலில் கைகூப்பி நின்றால் என்ன கேட்பது என்று தெரியாது. அவருடைய வேலை நிலைக்க வேண்டும் என்று கேட்டால் அவர் அங்கேயே இருப்பார். அவர் வரவேண்டும் என்று கேட்டால் அது அவரைக் காட்டிக்கொடுப்பதுபோல் இருக்கும். பிள்ளைக்குச் சளி குறையட்டும் என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

ஒன்றரை வருடம் கழித்து அவர் ஒரு மாத லீவில் வந்தார். தடை முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவரை மகள் என் பின்னால் நின்று எட்டிப்பார்த்தாள். முகத்தை அடையாளம் கண்டுகொண்டாள். பிறகு அவருக்குப் பின்னால், ரோட்டுப் பக்கம் பார்த்தாள்.

"லொறி எங்க?"

"லொறி வரல்லம்மா. அப்பா மட்டுந்தான் வந்தேன்."

"அப்ப எங்க தூங்குவீங்க?"

மாமி சிரித்துப் புரண்டார். இவரும் சிரித்தார். பிறகு முகம் கழுவப் போனவர் குழாயடியில் நெடுநேரம் நின்றார்.

அப்பா வந்தபின் செய்யலாம் என்று தள்ளிப்போட்டிருந்த காதுகுத்தை அந்த லீவிலேயே புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் என் அம்மா வீட்டில் வைத்தோம். கூட்டிக்கொண்டுபோக நானா தன் வேனோடு தானே வந்தார். "என்ட தம்பி வந்தீக்கிற நேரம் வேற டிரைவர் என்னத்துக்கு? நானே ஓட்டுறேன்" என்றார். நானும் மாமியும் பலகாரச் சட்டிகளோடு பின்னால் ஏறினோம். இவர் பிள்ளையை என் மடியில் தந்துவிட்டு, முன்பக்கம் போய், இடது கதவைத் திறந்து ஏறினார். ஒருவரும் சொல்லாமல், ஒரு கணம்கூடத் தயங்காமல். இந்த வேனை எத்தனை வருடம் ஓட்டிய மனிதர், எவ்வளவு அடக்கமாகத் தன் இடத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

பெல்ட்டைப் போட்டார். கண்ணாடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். அங்கே ஒன்றும் இல்லை. கைகள் ஒரு கணம் காற்றில் நின்று, டேஷ்போர்ட்டின் மேல் மெதுவாக இறங்கின.

நானா வலது கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"தம்பி, என்னத்த தடவித் தடவித் தேடுறீங்க? ஸ்டேரிங் இங்க ஈக்கி."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கத்தாரில் ஸ்டேரிங் இடது பக்கம். அவர் பயணியாக ஏறவில்லை. தடையையும் மறந்து, பழக்கத்தில் ஓட்டுவதற்குத்தான் ஏறியிருந்தார்.

"ஐயோ நானா, கை பழகிப்போச்சு" என்று அவர் சொல்ல, மாமியும் நானாவும் விடாமல் சிரித்தார்கள். "கோட்டுக்காரன் சொன்ன எடத்துலயே கரெக்டா ஏறி இருந்திட்டீங்க!" என்று நானா தொடையில் தட்டினார். இவர் காது சிவந்திருந்ததைப் பின்னால் இருந்து பார்த்தேன். அந்தக் கழுத்தைத் தொட வேண்டும்போல் இருந்தது. மாமி பக்கத்தில் இருந்ததால் பிள்ளையின் தலையைத் தடவினேன்.

வழியெல்லாம் அவர் இடது பக்கம் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த வேலை அவருக்கு வரவில்லை. டிரைவருக்குத் தன் கண்ணைத் தவிர வேறு கண்ணில் நம்பிக்கை கிடையாது. நிறைய இடம் இருக்கும்போதே "போதும் போதும்" என்று கத்துவார். "இன்னும் ஒரு வேன் போவ எடமீக்கி, இவரு என்னத்தப் போதுங்கிறாரு" என்று நானா எங்களைத் திரும்பிப் பார்த்துக் கேலிசெய்தார்.

பெரிய ரோட்டை விட்டுத் தோட்டத்து ரோட்டுக்குத் திரும்பியதும் நானா வேனை நிறுத்தினார்.

"இங்க பொலிஸ் ஒண்ணுமில்ல. அந்தா, லயத்து வீடுகள் வரைக்கும் நீங்க எடுங்க. ஆசையா ஈக்குமே."

இவர் ஸ்டேரிங்கைப் பார்த்தார். என் கைகள் பிள்ளையை இறுக்கியதில் அவள் நெளிந்தாள். ஓட்டட்டுமே என்று ஒரு பாதி. வேண்டாம் என்று ஒரு பாதி.

"வேணாம் நானா."

"அங்க ஓட்டுறதானே?"

"அங்க தடையில்ல. இங்க இருக்கு."

நானா கியரைப் போட்டார்.

காதுகுத்து நல்லபடி முடிந்தது. என் தம்பியின் மடியில் இருந்து மகள் தோட்டமே அதிரக் கத்தினாள். திரும்பும் வழியில் ரோட்டோரக் கடையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது, மாமியும் பிள்ளையும் வேனில் தூங்கிவிட்டார்கள். நானா தொழப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர் மட்டும். எதிரே பள்ளத்தாக்கில் மழை ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. தோட்டத்து ரோட்டில் அவர் சொன்ன அந்த ஒரு பதில்தான் எனக்குத் தைரியம் தந்திருக்க வேண்டும்.

"கம்பனிக்குத் தெரியுமாங்க? இங்க நடந்தது?"

"மொத நாளே சொல்லிட்டேனே. எங்க சூப்பவைசர் ஒரு மலையாளத்து ஆளு. ஆள் செத்துட்டானான்னு கேட்டாரு. இல்ல சார், கால்ன்னேன். இப்ப நடக்கிறானான்னாரு. நடக்கிறாருன்னேன். அப்ப போய் வண்டிய எடுன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ரெண்டு மாசம் பக்கத்துல ஒரு ஆள வச்சுத்தான் ஓட்ட விட்டாரு. அது நல்லதுதானே."

"ஏங்க எனக்கு சொல்லல்ல?"

"நீ கேக்கல்லயே, புள்ள. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ கேக்காம நான் சொன்னா, நீ அதுல இருந்து வேற ஒண்ணப் புடிச்சு பயந்துக்கிட்டு இருப்ப."

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. ஒன்றரை வருடப் பயம் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு முடிந்துபோனது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பயம் எடுபட்ட இடத்தில், அதற்கு அடியில் இருந்தது வெளியே தெரிந்தது. அவர் போகக்கூடாது. அவ்வளவுதான் அங்கே இருந்தது. பொலிஸும் கம்பனியும் வேற்று நாட்டுச் சட்டமும் நான் அதன்மேல் போட்டு மூடிவைத்த துணிகள்.

லீவு முடியும் வாரத்தில் நானா வீட்டுக்கு வந்து கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பேசினார். இப்போதைய டிரைவர் விலகப்போகிறார். "ரெண்டு மாசந்தானே? கண்ண மூடித் தொறந்தா போயிரும். லைசன் கைக்கு வந்த அண்டைக்கே வேன் ஒங்களுக்கு. அதுவரைக்கும் நான் சமாளிக்கிறேன்." இவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். நானா போனபிறகு, பிள்ளையின் காதுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ என்ன சொல்ற?"

அந்தக் கேள்விக்காகத்தான் அத்தனை நாளும் காத்திருந்தேன். பதிலும் நாக்கில்தான் இருந்தது. ஆனால் அவர் என்னைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தார்:

"ரெண்டு மாசம் சும்மா இருக்கணும்னு நெனச்சாத்தான் எனக்கு பயமா இருக்கு. அன்னைக்கு இருந்த மாதிரி. குளிச்சிட்டு, சட்டையப் போட்டுக்கிட்டு... அங்க போனா நான் டிரைவர்."

அவருக்குப் பயம் என்று அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல்முறை. பயத்தைப் பற்றித் தெரிந்தவள் நான். அந்தக் காலைகளை, மேல் ரோட்டு ஹோர்ன் சத்தத்தை, தரையை அமத்திய அந்த வலது காலை நினைத்தேன்.

"ஒங்களுக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யுங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் இன்னும் ஏதோ வரும் என்பதுபோல் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திருகினேன். அவர் எழுந்துபோனார்.

அது அவருக்காகச் சொன்னதா, சொல்லப் பயந்து சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு விதமாகவும் எனக்கே விளக்கம் சொல்லியிருக்கிறேன். அவர் போன பகலில் மகளுக்கு லேசாகக் காய்ச்சல் இருந்ததால் நான் விமான நிலையத்துக்குப் போகவில்லை. வேனில் ஏறப்போகும்போது இடமா வலமா என்று ஒரு கணம் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு நீடிக்கவில்லை.

தடை முடிந்த நாள் ஒரு சாதாரண வேலை நாள். எனக்கு அது நினைவில் இருந்தது; அவருக்கு இருக்குமா என்று தெரியாது. இடைவேளையில் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே போன் அதிர்ந்தது. குரல் பதிவு. தூணுக்குப் பின்னால் போய்க் காதில் வைத்துக் கேட்டேன்.

"இந்தா, இன்னையோட முடிஞ்சுது. இனி நான் அங்கயும் ஓட்டலாம். ...சும்மா, சொல்லணும்னு தோணிச்சு. லோட் ஏத்தியாச்சு, கெளம்புறேன். மத்தியானம் போன் பண்றேன்."

மறுபடியும் கேட்டேன். அதுவரை யார் கேட்டாலும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. கோர்ட்டில் அப்படிச் சொல்லிவிட்டார்கள், அதனால் அங்கே போனார் என்று. ஊருக்கும் அதுவே, எனக்கும் அதுவே. இரவில் பிள்ளை அப்பா எப்ப வருவார் என்று கேட்டால், மனதுக்குள் நான் கோபித்துக்கொள்ள ஒரு நீதவான் இருந்தார். இனி அவர் இல்லை. எங்களுக்கு நடுவே எந்தச் சட்டமும் இல்லை. நான் கேட்காததும் அவர் சொல்லாததும்தான் மிச்சம்.

சந்தோஷம் என்று எழுதினேன். அழித்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். அதையும் அழித்தேன். பிறகு ஒலிவாங்கிப் பொத்தானை அமத்தி, யாருக்கும் கேட்காத குரலில், "வந்துருங்க. இங்கயே வந்து ஓட்டுங்க. எனக்கு நீங்க இங்க வேணும்" என்று சொல்லிவிட்டு விரலை எடுத்தேன். போய்விட்டது.

போட்டுக் கேட்டுப் பார்த்தேன். வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. கடைசிச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பிள்ளை "டீச்சர், இவன் என் தண்ணிப் போத்தல..." என்று முறைப்பாடு சொல்கிற சத்தமும் பதிந்திருந்தது. வெட்கமாக இருந்தது. விரலால் அமத்திப் பிடித்தேன். அழிக்கவா என்று போன் கேட்டது.

இரண்டு சரி அடையாளங்களும் சாம்பல் நிறத்திலேயே இருந்தன; அவர் இன்னும் கேட்கவில்லை. வண்டி ஓடும்போது அவர் போனைத் தொடமாட்டார். இந்த நேரம் அந்த நேரான, வளைவே இல்லாத ரோட்டில், பார்வையை எடுக்காமல் போய்க்கொண்டிருப்பார். அவர் இப்போது பார்க்கக்கூடாது என்றே நினைத்தேன். பத்திரமாகப் போய், இறக்கி, நிழலில் நிறுத்தியபிறகு பார்க்கட்டும்.

மணி அடித்தது. யாழ்ப்பாணத்து டீச்சர் "வாரும் பிள்ளை, மூன்றாம் வகுப்பு கூரையைப் பிடுங்குதுகள்" என்று சொல்லிக்கொண்டு கடந்துபோனார். அழிக்க வேண்டாம் என்பதைத் தொட்டு, போனைக் கைப்பைக்குள் போட்டேன். அவருக்கு மதியமாகும்வரை மனம் மாற எனக்கு நேரம் இருந்தது. மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன்; இடையில் ஒரு தரம்கூடப் பையைத் திறக்கவில்லை.